எட்டுப் பேரில் ஐந்தாவது இடம்

நடந்தவை, வரிசைப்படி:

1. ஜனவரி. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் வயிற்றின் வலப்பக்கம், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, வலி. தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் ஒரு போத்தல் வெள்ளை மருந்து தந்தார்கள்.

2. பெப்ரவரி. அதே மருந்து, இன்னும் இரண்டு போத்தல். மாலையில் இலேசான காய்ச்சல்.

3. மார்ச். எடை நூற்று நான்கு இறாத்தலிலிருந்து எண்பத்தாறுக்கு இறங்கியது. பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார்கள்.

4. மார்ச் கடைசி வாரம். பெரியாஸ்பத்திரி டொக்டர் வலியிருந்த இடத்தில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார். அது என்னவென்று அறிய பேரியம் படம் எடுக்க வேண்டும். திகதி ஒன்பது வாரம் கழித்து.

5. அந்தத் திகதி. படம் எடுக்கவில்லை. பிழை என்னுடையது. புதுத் திகதி மேலும் ஒன்பது வாரம் கழித்து.

6. அடுத்த நான்கு புதன்கிழமைகள். வெறும் வயிற்றோடு போய், யாராவது விலகினால் அந்த இடம் கிடைக்குமா என்று காத்திருந்தேன்.

7. நான்காவது புதன். கிடைத்தது.

8. ஆஸ்பத்திரி வாட்டில் நாற்பத்தொரு நாள்.

ஏழாவதுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவற்றைச் சொல்லாமல் அதைச் சொன்னால் விளங்காது.

நான் தோட்டத்துப் பிள்ளை. எங்கள் லயம், தொழிலாளர் வீட்டு வரிசை, தெமோதரைக்கு மேலே. அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறார். நான் விஞ்ஞானம் படித்து, பயிற்சி பெற்று, தோட்டங்களின் மண்ணைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். மண் தகர டப்பாக்களில் வரும். வந்த ஒழுங்கில் இலக்கம் ஒட்டித் தட்டில் அடுக்குவேன். அந்த ஒழுங்கில்தான் சோதிப்பேன். தங்கள் டப்பாவை முன்னால் எடுக்கச் சொல்லித் தோட்டத் துரைமார் தொலைபேசியில் பேசுவார்கள். நான் எடுத்ததில்லை. நாலு வருடத்தில் ஒரு டப்பாகூட இடம் மாறவில்லை.

பேரியம் படம் என்பது இது. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், குடல் தெரியாது. சுண்ணாம்புக் கரைசல் போன்ற ஒரு வெள்ளை மருந்தைக் குடிக்கத் தருவார்கள். அது போகும் வழியெல்லாம் குடலின் உட்சுவரில் படியும். படிந்த இடம் படத்தில் வெள்ளையாக விழும். எங்கே வழி குறுகியிருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று அதைப் பார்த்தால் தெரியும். அது படிவதற்கு வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். முதல் நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு வாயில் ஒன்றும் படக் கூடாது.

ஒன்பது வாரம் ஏன் என்று பதிவுக் கொப்பி வைத்திருந்தவரிடம் கேட்டேன். படத்தைப் பார்க்கும் டொக்டர் வெளியூரிலிருந்து புதன்கிழமை மட்டும் வருகிறார். ஒருவருக்கு ஏழு எட்டு பிலிம் செலவாகிறது. பிலிம் கப்பலில் வர வேண்டும், அந்த வருடங்களில் கப்பலில் வர வேண்டிய எதுவும் ஒழுங்காக வரவில்லை. ஆகவே ஒரு புதனுக்கு எட்டுப் பேர். எனக்கு முன்னால் எழுபத்திரண்டு பேர். எட்டால் வகுத்தால் ஒன்பது. கணக்கு சரியாக இருந்தது. பாண் ரொட்டிக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அந்தக் கணக்கில் கோபப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அன்று டொக்டர் கட்டியைப் பற்றிப் பக்கத்திலிருந்த இளைய டொக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் விளங்கும் என்று அவர் நினைக்கவில்லை. இரண்டில் ஒன்று என்றார். குடலில் காசநோயாக இருக்கலாம், அதற்கு மருந்துண்டு. புற்றுநோயாக இருக்கலாம், அப்படியானால் சீக்கிரம் வெட்டி எடுக்க வேண்டும். எதுவென்று தெரியாமல் எதையும் தொடங்க முடியாது.

வெளியே அப்பா குடையை மடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொன்னாரு?"

"படம் எடுத்தாத்தான் தெரியுமாம்."

"எப்ப எடுப்பாங்களாம்?"

"ஜூன் மாசம்."

"இது மார்ச்சு" என்றார் அப்பா. பிறகு குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தார்.

ஒன்பது வாரம் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பயம் என்று ஒன்று முதல் வாரத்தில் இருந்தது. பிறகு அது ஆய்வுகூடத்து மின்விசிறியின் ஓசை மாதிரி ஆகிவிட்டது. ஓடிக்கொண்டே இருக்கும், காதில் விழாது. வேலைக்குப் போனேன். டப்பாக்களுக்கு இலக்கம் ஒட்டினேன். சனிக்கிழமைகளில் மருந்தகத்துத் தராசில் ஏறி நின்றேன். எண்பத்தைந்து. எண்பத்துமூன்று. எண்பத்திரண்டு.

பிழைக்கு வருகிறேன்.

எங்கள் லயத்தில் காலையில் கண் திறப்பதும் தேத்தண்ணி குடிப்பதும் இரண்டு வேலைகள் அல்ல. குளிரில் போர்வையை விட்டுக் கையை வெளியே நீட்டினால் அதில் ஒரு டம்ளர் இருக்கும். ஒருவர் நாள் முழுதும் பட்டினி கிடந்தார் என்று எங்கள் ஆட்கள் சொன்னால், தேத்தண்ணியைத் தவிர வேறொன்றும் இல்லாமல் கிடந்தார் என்றுதான் பொருள். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் வைப்பதில்லை, தண்ணீர்க் கணக்கிலும் இல்லை.

ஆஸ்பத்திரி அட்டை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நான் அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன்: "ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாதாம்." அம்மா ஒன்பது மணிக்கே பானையைக் கவிழ்த்துவிட்டார். காலையில் ரொட்டி சுடவில்லை. வாசம் வந்தால் எனக்குப் பசிக்கும் என்று அப்பாவுக்கும் சுடவில்லை. நான் சேலை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது டம்ளரை நீட்டினார். என் கை வாங்கியது. நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு குடுவையை மூன்று முறை கழுவாமல் தொடாதவள் நான்.

எக்ஸ்ரே அறை வாசலில் சலீம் நானா இருந்தார். அங்கே ஊழியர், ஐம்பது வயது, நகரத்துக்காரர். டொக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழாக்குவதும் அவர்தான். அது அவருடைய வேலை என்று எங்கும் எழுதியிருக்காது.

"ரா பத்து மணிக்குப் பொறகு என்னமும் சாப்பிட்டீங்களா தங்கச்சி?"

"இல்ல."

"தண்ணி?"

"இல்ல."

"தேத்தண்ணி?"

நான் கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன்.

சலீம் நானா பென்சிலைக் காதில் செருகினார். "இதத்தான் மூணாவதா கேக்குறது. முதல் ரெண்டுக்கும் எல்லாரும் இல்லண்டுதான் சொல்லுவாங்க. படிச்ச புள்ள மாதிரி இருக்கீங்க, நீங்களுமா?"

அறைக்குள்ளிருந்து இன்னொருவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். சலீம் நானா ஒரே சொல்லில் பதில் சொன்னார். உள்ளே சிரித்தார்கள். அந்தச் சொல் தேத்தண்ணிதான் என்று எனக்குத் தெரிந்தது.

புதுத் திகதியை எழுதித் தந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒம்பது கிழமை வீட்டுல குந்திக்கிட்டு இருக்காதீங்க. புதன் புதன் வெறும் வயித்தோட வாங்க. எட்டுல ஒண்ணு விழும். விழுந்தா, வந்து காத்துக்கிட்டு இருக்கிறவங்கள வந்த ஒழுங்குல எடுப்பம்."

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவர் அடுப்படியில் குந்தியிருந்தார்.

"தேத்தண்ணி சாப்பாடா புள்ள?"

"அவங்க கணக்குல சாப்பாடுதான்மா."

"குடிக்கலன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"படத்துல தெரியும்" என்றேன். தெரியுமா என்று எனக்கு நிச்சயமில்லை. மண்ணில் வேறு மண் கலந்தால் முடிவு பிழைக்கும் என்பது மட்டும் தெரியும்.

புதன்கிழமைகளில் அம்மாவும் தேத்தண்ணி குடிக்காமல் மலைக்குப் போகத் தொடங்கியது எனக்குத் தெரியாது. மூன்றாவது வாரம் அப்பாதான் சொன்னார்: "ஒங்கம்மா நேத்து மலையில தலை சுத்தி உக்காந்துட்டா. கங்காணி ஏசிட்டாரு. ஒனக்குத் தெரிய வேணாம்னா." நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நான்கு புதன்களுக்கும் ஒரு கொப்பி வைத்திருந்தேன். வந்தவர், வராதவர், திருப்பி அனுப்பப்பட்டவர், காரணம் என்று கோடு போட்டேன். செய்வதற்கு வேறு வேலை இல்லை.

முதல் புதன்: இரண்டு பேர் வரவில்லை. எனக்கு முன்னால் காத்திருந்த இருவரை எடுத்தார்கள்.

இரண்டாம் புதன்: ஒருவர் திரும்பினார். தோட்டத்து ஆள். காரணம் தேத்தண்ணி. அந்த இடம் வெலிமடையிலிருந்து வந்த கிழங்கு வியாபாரி ஒருவருக்குக் கிடைத்தது. எனக்கு முன்னால் அவர் மூன்று வாரமாக வந்துகொண்டிருந்தார். உள்ளே போகும்போது வாங்குப் பலகையில் இருந்த எங்களைப் பார்த்து, "பாணுக்கு நின்னா பாணாவது கெடைக்கும். இங்க நின்னு நின்னு சுண்ணாம்பு குடிக்கப் போறேன், பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவ்வளவு பசியில் சிரிப்பு வலிக்கும்.

மூன்றாம் புதன்: ஒருவர் திரும்பினார். தோட்டத்து ஆள். தேத்தண்ணி. அந்த இடம் எனக்கு முன்னால் இருந்த பெண்ணுக்குப் போனது.

அந்த வாரம் என் எடை எழுபத்தொன்பது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். வயிறு மேலெழும்பி இறங்குவது வெளியே தெரியத் தொடங்கியிருந்தது. குடல் அடைத்துக்கொண்டால் அப்படித் தெரியும் என்று ஒரு புத்தகத்தில் வாசித்திருந்தேன். முழுதாக அடைத்தால் எத்தனை நாள் என்பதும் அதில் இருந்தது.

நான்காம் புதன். விலகும் இடத்துக்குக் காத்திருப்பவர்களில் நான் முதல் ஆள். வாங்கில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தேன். எட்டுப் பேரும் வந்திருந்தார்கள்.

என் பக்கத்தில் ஐந்தாம் இலக்கக்காரர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் மாரியாயி, ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டம். இதெல்லாம் அவரே சொன்னது. முதல் நாளே வந்து அவரும் கணவரும் ஆஸ்பத்திரி விறாந்தையில் படுத்திருக்கிறார்கள். கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்திருந்தது. சேலையை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தார்.

"ஒங்களுக்கு என்னா புள்ள?"

"கட்டிங்க. வயித்துல."

"எனக்கு ஒண்ணும் நிக்கிறதில்ல. முந்தாநாளு கஞ்சி குடிச்சேன், அதுவும் வந்துருச்சு. சாப்பிடாம வரச் சொன்னாங்க. நான் எங்க சாப்பிட்டேன், ரெண்டு மாசமாச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அப்போது அவருடைய கணவர் வந்தார். கருப்பையா என்று பெயர். ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையிலிருந்து, துண்டைச் சுற்றி, ஒரு கண்ணாடிக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

"இந்தா, ஒரு வாய் நனைச்சுக்க. வெறும் தேத்தண்ணிதான். சீனிகூடப் போடல."

மாரியாயி கிளாஸை வாங்கினார். குடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கிளாஸை என் பக்கம் நீட்டினார்.

"நீங்க ஒரு வாய் குடிங்க புள்ள. மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. நான் பொறகு குடிக்கிறேன்."

நான் சொன்னேன்: "வேணாங்க. நீங்க குடிங்க."

எங்கள் பக்கத்தில் யாராவது தேத்தண்ணி நீட்டினால், வேண்டாமென்பவர் சொல்லும் சொல் அதுதான். நினைத்துச் சொல்வதில்லை. அன்றும் அது பழக்கத்தில் வாயில் வந்தது என்று எனக்கே பல நாள் சொல்லிப் பார்த்தேன். ஆனால் கொப்பி என்னிடம் இருக்கிறது. அன்று காலை, அவர் கணவர் கடைக்குப் போவதற்கு முன்பே, என் கையெழுத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். ஒருவராவது தேத்தண்ணி குடித்திருக்க வேண்டும்."

அவர் கிளாஸை வாயில் வைக்க நான்கைந்து விநாடி ஆனது. குடித்து முடிக்க இரண்டு நிமிடமாவது ஆகியிருக்கும், சூடாக இருந்தது. முதல் மிடறுக்கு முன்னால் சொல்லியிருந்தால் போதும். நான் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தேன். சுவரில் பச்சைச் சாயம் ஓரிடத்தில் உரிந்திருந்தது.

சலீம் நானா ஐந்தாம் இலக்கத்தைக் கூப்பிட்டார். மாரியாயி எழுந்து போனார். மூன்று கேள்விகள். மூன்றாவதுக்கு அவர் மறைக்காமல் சொன்னார்: "இப்பத்தாங்க, ஒரு வாய்."

கருப்பையா ஓடிப் போனார். "ஐயா, தேத்தண்ணி சாப்பாடாங்க? சீனிகூடப் போடலைங்க. நான்தாங்க வாங்கிக் குடுத்தேன். அவ வேணாம்னுதான் சொன்னா."

"எனக்கு வெளங்குது. டொக்டருக்கு வெளங்காதே."

"வந்துருச்சுனா? இவளுக்கு எப்படியும் வாந்தி வந்துரும்ங்க. வாந்தி எடுத்துட்டா படம் எடுப்பீங்களா?"

சலீம் நானா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். முடியாது. அவர்களுக்குப் புதுத் திகதி எழுதிக் கொடுத்தார். ஒன்பது வாரம். மாரியாயி அட்டையை வாங்கி இடுப்பில் செருகினார். கருப்பையா காலிக் கிளாஸை எடுக்க வாங்குக்குத் திரும்பி வந்தார். அது எனக்கும் அவர் மனைவி இருந்த இடத்துக்கும் நடுவில் இருந்தது. எடுக்கும்போது என்னிடம், "பாருங்கம்மா, யாரும் சொல்லலையே" என்றார்.

"காத்துக்கிட்டு இருக்கிறதுல முதல் ஆள் யாரு?" என்று சலீம் நானா கேட்டார்.

எழுந்து நின்றேன்.

மருந்து ஒரு பெரிய எனாமல் கோப்பையில் இருந்தது. சுண்ணாம்பையும் முகப்பவுடரையும் கரைத்தது போல வாசம். நிறுத்தாமல் குடிக்கச் சொன்னார்கள். முதல் படம் உடனே. பிறகு அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணி. நடுவில் வலப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும். மேசை குளிராக இருந்தது. நான்காவது மணியில் டொக்டர் ஈரப் பிலிமை விளக்கின் முன் பிடித்துக் காட்டினார். அதுவரை விரல் பருமனில் வந்த வெள்ளை, ஓரிடத்தில் நூலாகி, பிறகு மறுபடி விரிந்தது. நூல் ஒன்றரை அங்குல நீளம். என்னைப் பற்றிய எல்லாம் அந்த ஒன்றரை அங்குலத்தில் இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஐந்தாம் இலக்கம் என்று பிலிமின் ஓரத்தில் எழுதியிருந்தது. அதை மட்டும் கவனித்தேன்.

மறுவாரம் வாட்டில் சேர்த்தார்கள். நெஞ்சுப் படத்தையும் இரத்தத்தையும் பார்த்துவிட்டுக் காசநோய்க்கே வாய்ப்பு அதிகம் என்றார் டொக்டர். மருந்தைத் தொடங்குவோம், ஆறு வாரத்தில் எடை ஏறினால் அதுதான், ஏறாவிட்டால் வயிற்றைத் திறந்து பார்ப்போம். தினமும் காலையில் இடுப்பில் ஒரு ஊசி, பிறகு மாத்திரைகள். ஊசியால் காதில் ஒரு ரீங்காரம் வந்து தங்கிவிட்டது.

வாட்டில் நாட்கள் ஒன்றுபோல இருந்தன. ஐந்து மணிக்கு வெப்பமானி, ஏழு மணிக்கு ஊசி, பத்து மணிக்கு டொக்டர். அப்பா வேலை முடிந்து மாலை ரயிலில் வந்து கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். உட்காரச் சொன்னால், "மாடித் தூசி, விரிப்பு அழுக்காயிரும்" என்பார். அம்மா ஞாயிறுகளில் வருவார். என் கோப்பையைத் தனியாக வைக்கச் சொல்லித் தாதி சொல்லியிருந்தார். அம்மா தலையாட்டிக் கேட்டார். தாதி போனதும், நான் மீதி வைத்த தேத்தண்ணியை என் கோப்பையிலேயே குடித்து முடித்தார். நான் தடுக்கப் போனபோது, "சும்மா இரு" என்றார்.

மூன்றாம் வாரம் இரண்டு இறாத்தல் ஏறியது. நான்காம் வாரம் இன்னும் இரண்டு. டொக்டர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அன்று பின்னேரம் நான் எக்ஸ்ரே அறைக்கு நடந்து போனேன். சலீம் நானா வாங்கில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மாரியாயியின் திகதியும் முகவரியும் வேண்டும் என்றேன்.

"எதுக்கு?"

"தேத்தண்ணியும் குடிக்கக் கூடாதுன்னு கடுதாசி போட."

அவர் வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார். "அண்டைக்கு நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க."

"ஆமா."

வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். கொப்பியை எடுத்துப் பக்கத்தைத் தேடினார். தேடிக்கொண்டே, "நானும் காலையிலயே எல்லாருக்கும் சத்தமாச் சொல்லியிருக்கலாம். அஞ்சு வருசமா கேள்விதான் கேட்டுக்கிட்டு இருக்கன்" என்றார்.

முகவரியை எழுதிக்கொண்டேன். தபாலட்டையில் பெரிய எழுத்தில் எழுதினேன். பிறகு வெள்ளைக் காகிதத்தில், டப்பாக்களுக்கு லேபல் எழுதும் எழுத்தில், இன்னொன்று எழுதி அவரிடம் கொடுத்தேன்: "தேத்தண்ணியும் குடிக்கக் கூடாது. ஒரு வாயும் கூடாது." அதை அவர் எக்ஸ்ரே அறைக் கதவில் ஒட்டினார். வீட்டிலிருந்து புறப்படும்முன் தெரிய வேண்டிய விஷயம் கதவில் இருந்து என்ன பயன் என்று நான் கேட்டேன். அதன் பிறகு நூறு சின்னச் சீட்டுகள் எழுதிக் கொடுத்தேன். திகதி கொடுக்கும்போது அட்டையோடு ஒன்றைக் குத்திக் கொடுப்பதாகச் சொன்னார். கொடுக்கிறார்.

செப்டெம்பரில், மாரியாயியின் புதன்கிழமை, நான் போனேன். வாட்டை விட்டு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவரைக் கருப்பையாவும் சலீம் நானாவும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். சலீம் நானா மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. படம் எடுத்து முடிந்து வெளியே வந்ததும் மாரியாயி என்னை அடையாளம் கண்டுகொண்டார். கையைப் பிடித்தார். அவருடைய விரல்கள் காகிதம் போலிருந்தன.

"கடுதாசி போட்டது நீங்கதானாமே புள்ள. காலையில வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுல கணக்கப்பிள்ளை எல்லாருக்கும் கேக்க வாசிச்சாரு. நீங்க சொல்லாட்டி இந்தத் தடவையும் குடிச்சிருப்பேன்."

"மவராசியா இருக்கணும்" என்றார் கருப்பையா. "எங்களுக்கு யாரு இப்படிச் சொல்லுவாங்க?"

நான் மாரியாயியின் கையை விடாமல் நின்றேன். சொல்வதற்கு அது ஒரு சந்தர்ப்பம். சொல்லவில்லை.

மாரியாயியின் படத்தில் இரைப்பையின் வாய் ஏறக்குறைய மூடியிருந்தது. கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே அறுத்தார்கள். கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லை, உணவு போக வேறு வழி மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று சலீம் நானா கேட்டு வந்து சொன்னார்.

அடுத்த முறை மருந்துக்குப் போனபோது என் டொக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். மாரியாயிக்கு ஜூலையில் படம் எடுத்திருந்தால் முழுதாக எடுத்திருக்கலாமா? அவர் பேனாவை மேசையில் வைத்தார். ஏற்கெனவே முற்றியிருந்திருக்கலாம், முற்றாமலும் இருந்திருக்கலாம் என்றார். அதற்கு விடை ஜூலையில் எடுத்த படத்தில்தான் இருக்கும், அந்தப் படம் இல்லையே என்றார். ஜூலையில் ஐந்தாம் இலக்கத்தில் எடுத்த படம் என் கோப்பில் இருக்கிறது. அதில் என் குடல் தெரிகிறது.

இப்போதைய நிலை.

என் எடை தொண்ணூற்றெட்டு. ஊசி முடிந்துவிட்டது. இந்த வருடக் கடைசி வரை மாத்திரை. வலி இல்லை. காதில் ரீங்காரம் இருக்கிறது.

ஆய்வுகூடத்துக்குத் திரும்பிவிட்டேன். டப்பாக்களை வந்த ஒழுங்கில்தான் சோதிக்கிறேன்.

பேரியம் படத்துக்குக் காத்திருக்க வேண்டியது இப்போது பதினொரு வாரம். தேத்தண்ணியால் திரும்புகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் விலகும் இடத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு இடம் கிடைப்பதும் குறைந்துவிட்டது என்று சலீம் நானா சொல்கிறார்.

மாரியாயி ஹல்துமுல்லைக்கு, தன் லயத்துக்குத் திரும்பியிருக்கிறார். கஞ்சி நிற்கிறதாம். கருப்பையா யாரிடமோ எழுதுவித்து எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டுமாம். மாரியாயி தன் கையால் தேத்தண்ணி வைத்துத் தருவாராம், குடிக்காமல் விட மாட்டாராம்.

கடிதம் வந்து மூன்று ஞாயிறு போய்விட்டது. முதல் பஸ் எத்தனை மணிக்கு, எங்கே மாறி ஏற வேண்டும் என்று விசாரித்துக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் போகவில்லை.